தியேட்டருக்குப் போன நடை

கனிக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி அத்துப்போயி ஏழாவது மாசம், சித்திரை வெயில் மண்டையப் பொளக்குற ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம், அவள விட்டுப்போன நடை கோணப்புளி ஊரு தங்கப்பழம் தியேட்டர்ல வந்து சேந்துச்சு. திரையில கதாநாயகனும் கதாநாயகியும் எந்த நாட்டுப் பனிமலையிலயோ கட்டிப்பிடிச்சு உருண்டுக்கிட்டிருக்க, அவுங்களுக்குப் பின்னால, பதினொன்னாம் நம்பர் போட்ட நீல ஜெர்சியில, ஹாக்கி மட்டையத் தோள்ல சாத்திக்கிட்டு, எடது கைய மட்டும் கொஞ்சம் வீசி வீசி, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்குக் கனி நடந்து போனா. பனியில தடம் விழுந்துச்சு. முன்வரிசையில இருந்த ஒருத்தன், "ஏல, நம்ம பூரணத்தம்மா மவ போறா பாரு"ன்னான். பக்கத்துல இருந்தவன், "ஆமால, நடந்துட்டாளே, நல்லதாப் போச்சு"ன்னு முறுக்கக் கடிச்சான். அந்த ஊரு ஆச்சரியப்பட்டது மொத்தமே அம்புட்டுத்தான்.

அதே நேரத்துல கனி, தியேட்டருக்கு மூணு தெரு தள்ளி, கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாறுறதுக்கு எட்டாவது தடவையா முக்கிக்கிட்டிருந்தா. பக்கத்துல இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னது முப்பிடாதி. ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து காலேஜ் மூணாவது வருசம் வரைக்கும் ஒரே பெஞ்சு. முப்பிடாதி வாயிக்குப் பயந்து வாத்தியாருங்களே அவ எந்திரிச்சு நின்னா கடிகாரத்தப் பாப்பாங்க. கனிக்கு இடுப்பு போனதும் சும்மா போகல. மேட்ச் முடிஞ்சு வர்ற பொண்ணுங்கள ஏத்திட்டு வர ஒரு வேன் பிடிக்க மனசில்லாத காலேஜு, பதினாலு பேரையும் ஒரு குட்டியானை வண்டியில ஆட்டுக்குட்டி மாதிரி அடைச்சு அனுப்புச்சு. வண்டி பாலத்துக்கிட்ட கவுந்துச்சு. பதிமூணு பேருக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்கு முதுகெலும்பு. இத முப்பிடாதி பாக்கிற எடத்துலல்லாம் சொல்லுவா. பாக்கிற எடத்துலல்லாம் ஜனங்க, "விடுட்டி, விதி"ம்பாங்க. "விதிக்கு டிரைவிங் லைசென்சு இருந்துச்சா?"ம்பா அவ.

நடை தியேட்டருக்கு வந்த பொறவு எல்லாம் மாறிப்போச்சு. சனிக்கெழம சண்டப்படத்துல, பத்து ரவுடிங்க அருவா வீசிக்கிட்டிருக்க, குனிஞ்சு ஒரு அருவாளத் தாண்டிக்கிட்டு கனி போனா. ஞாயித்துக்கெழம காலையில போட்ட பழைய கருப்பு வெள்ளப் படத்துல ராசா தர்பாருக்கு நடுவுல போனா, அப்பவும் ஜெர்சி மட்டும் நீலமா இருந்துச்சு. பொகை பிடிக்காதீங்கன்னு போடுற விளம்பரத்துலயும், நுரையீரலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல, மட்டையச் சொழட்டிக்கிட்டுப் போனா. எந்தப் படம் போட்டாலும் நாலு தடவ வருவா. யாரையும் பாக்கமாட்டா, பேசமாட்டா, நடப்பா. சில நாள் ஓடுவா.

ஏன் இப்படின்னு ஊரு கொஞ்ச நாள் பேசுச்சு. கனியோட அம்மா பூரணத்தம்மா, "எம்பிள்ளைய எங்கயாச்சும் ஒரு எடத்துல நடக்க வையி தாயி"ன்னு காளிகோயில்ல கும்புட்டதுதான், தாயி தன்னால முடிஞ்ச எடத்துல நடக்க வெச்சுட்டான்னு தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க சொன்னாங்க. புது புரொஜெக்டரோட குணம்னு சவுண்டு சர்வீஸ்காரர் சொன்னாரு. அதுக்கு மேல யாரும் தலைய ஒடைக்கல. தியேட்டர் மொதலாளி தங்கப்பழம், "உள்ளே நமது கனி நடக்கிறாள்"னு போர்டு எழுதி வெச்சாரு. முட்டு வலிக்காரங்க முன்வரிசைய கேட்டு வாங்குனாங்க. கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்கள மொத நாள் கூட்டியாந்து காட்டுனாங்க. கோயிலுக்கு நேந்துக்கிட்டுப் போடுற கால் தகடு, வெள்ளியிலயும் தகரத்துலயும் அடிச்ச குட்டிக் குட்டிக் காலு, அதக் கொண்டாந்து திரைக்குக் கீழ ஆணியில மாட்டுனாங்க. ஃபேன் காத்துல அம்புட்டுக் காலும் ஒன்னுல ஒன்னு முட்டி, படம் ஓடுற நேரம் பூரா கிலுகிலுன்னு ஒரு சத்தம். கால் சேரச் சேர ஆணி பத்தல, ஒரு மேடை கட்டணும்னு ஆச்சு. கனி வீட்டு வாசப்படிக்குச் சரிவு போட்டுத் தரேன்னு கவுன்சிலர் எறக்கி வெச்சிருந்த சிமெண்டு மூடைய அந்த மேடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

முப்பிடாதி கவுன்சிலர டீக்கடையில பிடிச்சா.

"ஏன்ணே, வீட்டுல ஒருத்தி வாசல் தாண்ட முடியாம கெடக்கா, நீங்க தகரக் காலுக்கு மேடை கட்டுதீங்களோ?"

"யாரு, கனியா? முந்தாநாள்கூடப் பாத்தனே. ஜம்முன்னு போறா. அவளுக்கு எதுக்கும்மா சரிவு?"

"அது படம்ணே."

"படத்துல நடக்கத் தெரிஞ்சவளுக்குத் தெருவுல நடக்கத் தெரியாதாக்கும்?"

டீக்கடையே சிரிச்சுச்சு. முப்பிடாதி அவரு கையில இருந்த வடைய வாங்கி நாய்க்குப் போட்டுட்டு வந்துட்டா. வேற என்னத்தச் செய்ய.

கனி ஒன்னும் சாமிப்பிள்ள இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மொத மாசம் வீட்டுல கைக்கு எட்டுன பாத்திரத்தல்லாம் எறிஞ்சவ. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ பெரட்டிப் படுக்கணும், இல்லன்னா முதுகுல புண்ணு வரும். மூத்திரத்துக்குக் குழாய் மாத்தணும். இதல்லாம் முப்பிடாதி நர்சம்மாக்கிட்ட நின்னு படிச்சா. படிச்சதுக்குக் கனி, "ஒங்கை என்னட்டி ஐஸ்கட்டி மாதிரி இருக்கு"ன்னு திட்டுனாளே தவிர நன்றின்னு ஒரு வார்த்த சொல்லல, இவளும் எதிர்பாக்கல. ஏழு மாசத்துல கனி ஒரே ஒரு விசயத்தப் பிடிச்சு வெச்சிருந்தா: விட்டுப்போன கடைசி செமஸ்டர எழுதி டிகிரி வாங்கணும். பரீட்சை தொடங்குறது அடுத்த மாசம் ஒரு திங்கக்கெழம. ஹால் ரெண்டாவது மாடி. கீழ ஒரு ரூம் குடுங்கன்னு நாலு லெட்டர் எழுதியாச்சு.

பிரின்ஸ்பால் நவநீதம் மேடம் லெட்டரப் படிச்சுட்டு, கண்ணாடிய கழட்டிட்டு, லெட்டரக் கொண்டுபோன முப்பிடாதியப் பாத்து உருக்கமாச் சிரிச்சாங்க.

"நான் ரெண்டு தடவ பாத்தேன்மா. என்ன அழகா நடக்கா. காலேஜுக்கே பெருமை. அவளப் போயி கீழ ஒக்கார வெச்சு அவமானப்படுத்தலாமா? மாடிக்கே வரச்சொல்லு. நட்பும் நம்பிக்கையும் இருந்தா முடியாதது இல்ல."

"குட்டியானைக்குப் பதில் வேன் பிடிக்கிறதுக்கும் அந்த நம்பிக்கைதான் கொறஞ்சுதா மேடம்?"

மேடத்துக்கு அது காதுல விழல. விழலன்னு முகத்த வெச்சுக்கிட்டாங்க.

அதுக்குப் பொறவுதான் வேற ஒன்னு தொடங்குச்சு. பூரணத்தம்மா வேலை விட்டு நேரா தியேட்டருக்குப் போயி, மகள நாலு தடவ பாத்துட்டு, மனசு நெறஞ்சு வீட்டுக்கு வருவா, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிப்பா. "எம்மா, எனக்கு?"ன்னு கனி கேட்டா, கூரையப் பாத்து, "பல்லி சொல்லுது"ம்பா. ரேசன் கார்டுல பேரு இருக்கு, ஆளு எங்கன்னு கேட்ட ஆபீசர் கனிக்கு ஒரு முழம் தள்ளி நின்னு கேட்டான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஈரச்சேலைய ஒதறி, வாசல்ல இருந்த சக்கர நாற்காலி மேல, அதுல கனி ஒக்காந்திருக்க, அவ தலையோட சேத்துக் காயப்போட்டுட்டுப் போயிட்டா. முப்பிடாதி வந்து சேலைய எடுத்தப்ப கனி உள்ள கண்ணத் தொறந்துக்கிட்டு இருந்தா. "கத்துனேன்ட்டி. கிளிப்பு மாட்டுனா பாரு, காதுல"ன்னா.

முப்பிடாதி அன்னைக்குத் தெரு முழுக்க நின்னு கத்துனா. குருடனுவளா, எருமைகளான்னு ஒருத்தர் விடல. யாருகூட இவ சண்ட போடுறான்னு ஜனங்க பாவமாப் பாத்தாங்க.

அடுத்த வியாழக்கெழம, பரீட்சைக்கு நாலு நாள் முன்னால, முப்பிடாதி நோட்ஸ் கட்டத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போனா. கட்டில் காலியா இருந்துச்சு. நாற்காலியும் காலியா இருந்துச்சு. போர்வை மட்டும் ஒரு ஆளு மேல கெடக்குற மாதிரி மேடா இருந்துச்சு.

"இவ எங்க போனா?"ன்னு முப்பிடாதி வாய்விட்டுக் கேட்டா.

எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு கொரல். "எட்டி. இங்கதான கெடக்கேன்."

முப்பிடாதி குத்துமதிப்பாக் கைய நீட்டுனா. சூடா ஒரு முழங்கை தட்டுப்பட்டுச்சு. அதப் பிடிச்ச பொறவு தோளு தெரிஞ்சுச்சு, அதுக்குப் பொறவு மூஞ்சி, தண்ணிக்குள்ள இருந்து மேல வர்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா.

"நீயுமா?"ன்னா கனி.

ஊரையே எருமைன்னு திட்டுனவ தரையில ஒக்காந்துட்டா. "பதினோரு தடவ போயிட்டேன்"ன்னா. "கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் தியேட்டருக்குத்தான் போனேன். போன புதன்கெழம இங்க வராம அங்கதான் இருந்தேன். நீ ஓடுறதப் பாக்கணும்னு இருந்துச்சு."

கனி எறியிறதுக்குச் சட்டி பானையத் தேடுவான்னு முப்பிடாதி நெனச்சா. தேடல.

"எப்படிட்டி ஓடுதேன்?"

"நல்லா ஓடுத. முந்தி மாதிரியே. எடது கைய வீசி வீசி."

"எனக்கு அவளப் பாக்கணும்"னா கனி. "என்னைய அந்தத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போ."

சனிக்கெழம மத்தியானம், நாற்காலியத் தள்ளிக்கிட்டு முப்பிடாதி போனா. ஒரு கையி நாற்காலிப் பிடியில, இன்னொரு கையி கனி தோள்ல; தோள விட்டா ஆளு மறைஞ்சுருமோன்னு பயம். வழியெல்லாம், "காலி வண்டிய எதுக்குத் தாயி தள்ளிட்டுப் போற?"ன்னு கேட்டாங்க. "எங்க வண்டி, நாங்க தள்ளுதோம்"ன்னா கனி. யாரும் திரும்பல.

தியேட்டர் வாசல்ல ஏழு படி. அதுக்கு முன்னால புதுப்படத்துக் கட்டவுட்டு, இருபதடி நீளத்துக்கு, தூக்கி நிறுத்தாம தரையில மல்லாந்து கெடந்துச்சு: ரெண்டு சிநேகிதங்க தோள்ல கையப்போட்டு வானத்தப் பாத்துச் சிரிக்கானுவ. ஆபரேட்டர் இசக்கிராசு பீடி பிடிச்சுக்கிட்டு நின்னவன், கிட்ட வந்து, கண்ணச் சுருக்கி, நாற்காலிய உத்துப் பாத்தான். புரொஜெக்டர் ஓட்டை வழியா தினமும் நாலு காட்சி கனியவே பாத்தவன் அவன் ஒருத்தன்தான்.

"வந்துட்டியாம்மா"ன்னான். "ரெண்டு வாரமா அவ சரியா நடக்கல. ஓரத்துல நின்னு, ஒவ்வொரு சீட்டா எட்டி எட்டிப் பாக்கா. யாரையோ தேடுதா. எனக்கு ரூம்ல தனியா இருக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"தூக்கிருவோமா?"ன்னா முப்பிடாதி, கனிகிட்ட.

"தூக்குன, கடிச்சு வெச்சிருவேன். உருண்டுதான் போவேன்."

மூணு பேரும் கட்டவுட்டப் பாத்தாங்க. இசக்கிராசு பீடிய மிதிச்சு அணைச்சான். அவனும் முப்பிடாதியும் அந்த ரெண்டு சிநேகிதங்களையும் தர தரன்னு இழுத்து ஏழு படி மேலயும் சாத்துனாங்க. ரசிகர் மன்றத்துப் பயலுவ, "ஏ, தலைவர் மூஞ்சி!"ன்னு ஓடியாந்தானுவ. "நட்புக்காக உசிரையே குடுப்பாருன்னுதான போஸ்டர்ல போட்டிருக்கிய, மூஞ்சியக் குடுக்க மாட்டாரா?"ன்னா முப்பிடாதி. சூவுல ஏறி, தொடையில ஏறி, சட்டப்பையில கொஞ்சம் சறுக்கி, சிரிச்ச பல்லு மேல கடகடன்னு உருண்டு, கனி தியேட்டருக்குள்ள போனா.

படம் எப்பவும் வர்ற படந்தான். ரெண்டு சிநேகிதங்க, ஒருத்தன் மாடியில இருந்து விழுவான், காலு போயிரும், இன்னொருத்தன் ஊட்டி விடுவான், தூக்கிச் சுமப்பான், மழையில பாடுவான். டாக்டர் கையவிரிப்பாரு. கோயில் மணி அடிக்கும், சிநேகிதன் அழுவான், கண்ணீரு சொட்டும், சொட்டுன எடத்துல கட்டைவெரலு ஆடும். பொறவு எந்திரிச்சு நிப்பான், நாற்காலிய எத்தித் தள்ளுவான், ஜனங்க விசிலடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க. அந்த நாற்காலி என்ன ஆச்சுன்னு ஒரு படத்துலயும் காட்டமாட்டானுவ. ஒரு படத்துலயாச்சும் ஒருத்தன் குழாய் மாத்துவானா? பெரட்டிப் படுக்க வைப்பானா? முப்பிடாதி பல்லக் கடிச்சுக்கிட்டு, நடைபாதையில, கனி நாற்காலிக்குப் பக்கத்துல தரையில ஒக்காந்திருந்தா. தகரக் காலெல்லாம் கிலுகிலுன்னுச்சு. மூணாவது வரிசையில பூரணத்தம்மா கைகூப்பி இருந்தா. பால்கனியில நவநீதம் மேடம் குடும்பத்தோட.

மழைப்பாட்டுல திரைக்கனி வந்தா. ஓரத்துல இருந்து பாதி தூரம் நடந்தவ, நின்னா. இத்தன நாள்ல மொத தடவையாத் திரும்பி, தியேட்டருக்குள்ள பாத்தா. மழை அவ மேல மட்டும் பெய்யல. கீழ இருந்த கனியும் அவளப் பாத்தா. திரைக்கனி கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம செவந்து போயிருந்துச்சு, சூவு அடி தேஞ்சு பெருவெரல் வெளிய தெரிஞ்சுச்சு. ஏழு மாசம் ஒருத்தி நிக்காம நடந்தா என்ன ஆவா, அப்படி ஆயிருந்தா.

"கால் வலிக்கலையாட்டி?"ன்னு கேட்டா கனி. சத்தமா கேக்கல. ஆனா தகரக் காலெல்லாம் கிலுங்குறத நிப்பாட்டிருச்சு. "ஒக்காரு. போதும், ஒக்காரு."

படத்துல மணி அடிச்சுச்சு. கட்டைவெரல் ஆடுச்சு. காலு போன சிநேகிதன் எந்திரிச்சு நின்னு நாற்காலிய எத்துனான். எத்துன நாற்காலி பின்னால உருண்டு போச்சு, போன எடத்துல திரைக்கனி அதப் பிடிச்சு நிறுத்துனா. மட்டைய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்தா. கண்ண மூடி ஒரு பெருமூச்சு விட்டா. முன்வரிசைக்காரங்க மூஞ்சியில காத்து பட்டுச்சு. பொறவு சக்கரத்தத் தள்ளிக்கிட்டு, ஆஸ்பத்திரி வராண்டாவக் கடந்து, ஒரு படிக்கட்டுக்கிட்ட வந்து நின்னா. நின்னு, திரும்பி, ஜனங்களப் பாத்தா.

படமும் அங்ஙனையே நின்னுபோச்சு.

விசில் அடிக்க வாயில வெரல வெச்சவங்க அப்படியே இருந்தாங்க. இசக்கிராசு புரொஜெக்டர ஆஃப் பண்ணான். படம் போகல. லைட்டப் போட்டான். படம் போகல. அந்த வெளிச்சத்துல பூரணத்தம்மா திரும்பி, நடைபாதையில இருந்த மகளப் பாத்து, ஒன்னுமே நடக்காத மாதிரி, "நீ எப்பம்மா வந்த? சாப்ட்டியா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு, தன் வாயத் தானே பொத்திக்கிட்டா. "எத்தன நாளாச்சு நீ சாப்ட்டு"ன்னு அழுதா.

ஞாயித்துக்கெழம பூரா படம் நின்ன எடத்துலயே நின்னுச்சு. வெள்ளத்துணியப் போட்டு மூடுனா துணி மேல வந்துச்சு. அந்தப் படிக்கட்டுதான் ஜனங்களப் படுத்துன பாடு. பாக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் அது அவுங்கவுங்க படியாத் தெரிஞ்சுச்சு. ரேசன் ஆபீசருக்கு ரேசன்கடைப் படி. கவுன்சிலருக்குக் கனி வீட்டு வாசப்படி. தங்கப்பழத்துக்குத் தன் தியேட்டரோட ஏழு படி. கீழ ஒருத்தி ஒக்காந்து தன்னையே பாக்கிறத அவரால தாங்க முடியல. சாயங்காலம் ஆள விட்டு, கால்மேடைய இடிச்சு, மிச்ச சிமெண்டக் கொழச்சு, வாசல்ல சரிவு போட்டாரு. இடிச்ச வேகத்துல தகரக் காலெல்லாம் சாந்துல விழுந்து அப்படியே எறுகிப்போச்சு. சாந்து காயுறதுக்குள்ள இசக்கிராசு உள்ள இருந்து ஓடியாந்தான். "படம் நகந்துட்டு! ரெண்டு படி நகந்துட்டு!"

பொறவு கேக்கணுமா? படத்தோட மிச்சத்தப் பாக்காம செத்துருவோம்ங்கிற மாதிரி மொத்த ஊரும் நவநீதம் மேடம் வீட்டு முன்னால போயி நின்னுச்சு. "மேடம், ஒங்க மாடிதான் தடையா நிக்கி." மேடத்துக்கு அந்தப் படி எந்தப் படியாத் தெரிஞ்சுச்சுன்னு யாரும் கேக்கவும் வேண்டாம். ராத்திரி தூங்கலன்னு மூஞ்சி சொல்லுச்சு. திங்கக்கெழம காலையில கீழ இருந்த லைப்ரரியில ஹால் நம்பர் ஒட்டுனாங்க, மேசையப் பியூன் ஒரு பக்கமும் மேடம் ஒரு பக்கமும் பிடிச்சுத் தூக்கிப் போட்டாங்க. முப்பிடாதி அதையும் விடல. "கால் ஆடுது மேடம், ஒரு அட்டை மடிச்சு வையுங்க"ன்னா. மேடம் குனிஞ்சு வெச்சாங்க.

கனி மூணு மணி நேரம் எழுதுனா. அடிஷனல் ஷீட்டு நாலு வாங்குனா.

எழுதி முடிச்ச கையோட ரெண்டு பேரும் தியேட்டருக்குப் போனாங்க. சரிவுல சாந்துக்குள்ள இருந்த வெள்ளிக் காலெல்லாம் வெயிலுக்கு மினுங்குச்சு; அது மேல சக்கரம் ஏறுறப்ப லேசா ஒரு கிலுகிலுப்பு. உள்ள பாதி ஊரு ஒக்காந்திருந்துச்சு. திரைக்கனி ஆஸ்பத்திரிப் படியத் தாண்டியிருந்தா.

"எப்படி ஏறுனா?"ன்னு முப்பிடாதி கேட்டா.

"யாருக்குத் தெரியும். டீ குடிக்கப் போயிருந்தேன்"ன்னான் இசக்கிராசு.

ஆனா அவ அடுத்த படிக்கட்டுக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. இந்தத் தடவ போஸ்டாபீஸ் படி மாதிரித் தெரிஞ்சுச்சு. போஸ்ட்மாஸ்டர் எந்திரிச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, யாரையும் பாக்காம வெளிய போனாரு.

திரையில இன்னொரு ஓரத்துல அந்தச் சிநேகிதன். சனிக்கெழமயில இருந்து அவனும் அப்படியேதான் நிக்கான். நட்பால எந்திரிச்ச காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குது, மேக்கப்பு வேர்வையில கரைஞ்சு வழியுது, ஒக்காரலாம்னு பின்னால கையால தடவித் தடவிப் பாக்கான், நாற்காலி இல்ல.

"பாவம்ட்டி, அவன என்ன செய்ய?"ன்னா முப்பிடாதி.

கனி நாற்காலி பிரேக்கப் போட்டா. மடியில இருந்த கடலப் பொட்டலத்தப் பிரிச்சு ஒரு கை அள்ளி அவகிட்டக் குடுத்தா.

"நிக்கட்டும்"னா.